2018 இ-கிளாஸ் நல்லாத்தான் ஓடுது, புதுசுக்கு மாறலாமா?

அண்ணா நகர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு. 2018ல கம்பெனி பேர்ல வாங்குன மெர்சிடிஸ் இ 220டி, லாங் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல தூரம் அதிகம், அதனால பின் சீட்ல கால் நீட்ட இடம் ஜாஸ்தி), 70 ஆயிரம் கிலோமீட்டர் கிட்ட ஓடியிருக்கு, இதுவரைக்கும் பெரிய செலவு எதுவும் வெக்கல. அம்பத்தூர்ல பேக்டரி, டிரைவர் தான் ஓட்டுறாரு, பின்னாடி இவரும் முட்டி வலியோட இருக்குற 76 வயசு அப்பாவும். புது டிசைன்ல வந்திருக்கிற இ-கிளாஸ போய் பாத்துட்டு வந்ததுல இருந்து வீட்ல பசங்க விடுறதில்ல, ஷோரூம்ல பழசுக்கு 22 லட்சம் போட்டு எடுத்துக்கிறோம்ங்கிறாங்க, மாத்திடலாமா இல்ல இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டலாமா, பிஎம்டபிள்யூ 5 சீரிஸும் நீளமா வந்திருக்கே அதையும் பாக்கலாமா, இதான் கேள்வி.

சார், சுத்தி வளைக்காம சொல்லிடறேன், இப்போ மாத்தாதீங்க. புது வண்டி சரியில்லன்னு சொல்ல வரல, அருமையான வண்டி. ஆனா நீங்க உக்காருற சீட்ல, அதாவது பின் சீட்ல, நீங்க குடுக்கப் போற காசுக்கு ஈடா பெருசா எதுவும் மாறல.

எப்படின்னு பாருங்க. உங்க வண்டியோட வீல்பேஸ் 3,079 மில்லிமீட்டர். 2024 அக்டோபர்ல இங்க அறிமுகமான புதுசோட வீல்பேஸ் 3,094. வித்தியாசம் 15 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம் கூட வராது. 2017லயே நம்ம ஊருக்கு லாங் வீல்பேஸ் குடுத்துட்டாங்க இல்லையா, அதனால பின் சீட்ல பெரிய தாவல் அப்பவே முடிஞ்சு போச்சு, அதை நீங்க ஏழு வருஷத்துக்கு மேல அனுபவிச்சிட்டும் இருக்கீங்க. இன்ஜினும் அப்படித்தான், உங்களோடது 194 ஹார்ஸ்பவர் 400 நியூட்டன் மீட்டர், புது 220டி 197 ஹார்ஸ்பவர் 440 நியூட்டன் மீட்டர். கூடவே 48 வோல்ட் மைல்ட் ஹைபிரிட், அதாவது இன்ஜினுக்கு துணையா ஒரு சின்ன மின் மோட்டார் சேத்திருக்காங்க, சிக்னல்ல இன்ஜின் ஆஃப் ஆகி திரும்ப ஆன் ஆகுறப்போ அந்த உதறல் இருக்காது, கிளம்புறப்போ 23 ஹார்ஸ்பவர் கொஞ்ச நேரம் கை குடுக்கும். அம்பத்தூர் எஸ்டேட் டிராஃபிக்ல இது நல்ல விஷயம்தான், இல்லேங்கல.

அப்போ உங்க பசங்க எதை பாத்து மயங்குனாங்க? டேஷ்போர்டை. நடுவுல 14.4 இன்ச் ஸ்கிரீன், முன்னாடி பக்கத்து சீட்டுக்கு தனியா 12.3 இன்ச், ராத்திரில சுத்தி கலர் கலரா லைட்டு, ஷோரூம் ஏசில நின்னு பாத்தா யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனா சார் அந்த ரெண்டு ஸ்கிரீனும் உங்க டிரைவருக்கும் அவர் பக்கத்துல காலியா கிடக்குற சீட்டுக்கும் தான்! பின்னாடி உங்களுக்கு நிஜமா கிடைக்கிறதுன்னு பாத்தா தொடைக்கு கீழ சீட்டை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கலாம், ஜன்னலுக்கு பட்டன்ல ஏறி இறங்குற திரை, அப்புறம் சவுண்ட் சிஸ்டம். மே மாச வெயிலுக்கு அந்த திரை பெரிய சுகம், மறுக்கல, ஆனா திரைக்காக ஒரு கோடி குடுப்பாங்களா.

சேஃப்டி பத்தி நீங்க கேக்கல, நானே சொல்றேன். வண்டிகளை மோத விட்டு சோதிக்கிற ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2024ல டெஸ்ட் பண்ண வண்டிகள்லயே புது இ-கிளாஸ் தான் முதல் இடம். பழசும் 2016ல அஞ்சு ஸ்டார் வாங்குனது தான், நடுவுல டெஸ்ட் கடுமையாயிடுச்சு, அதனால புதுசு ஒரு படி மேலன்னு தாராளமா சொல்லலாம். இருந்தாலும் உங்க கேஸ்ல சேஃப்டிக்கு இன்னைக்கே செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு, காசே ஆகாது, நீங்களும் அப்பாவும் பின்னாடி பெல்ட் போடுங்க. சென்னைல பெரிய கார்ல பின் சீட்ல பெல்ட் போட்டு உக்காந்திருக்கிற ஆளை நான் அபூர்வமாத்தான் பாக்குறேன், பல வண்டில சீட் கவர் அந்த பக்கிளையே மூடிட்டு கிடக்கும்.

5 சீரிஸ் விஷயத்துக்கு வரேன். 2024 ஜூலைல வந்த 530எல்ஐ, வீல்பேஸ் 3,105, பழைய 5 சீரிஸுக்கு 2,975 தான். 130 மில்லிமீட்டர் வித்தியாசம், இது உக்காந்தவுடனே கால்ல தெரியும். அதனால இதே கேள்வியை பழைய 5 சீரிஸ் வெச்சிருக்கிற ஒருத்தர், டிரைவர் வெச்சு பின்னாடி உக்காந்து போறவர் கேட்டிருந்தா என் பதில் மாறியிருக்கும், போய் பாருங்கன்னு தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்த லாபம் இல்ல, ஏற்கனவே நீள வண்டில இருந்து நீள வண்டிக்கு போறீங்க. அதுவும் இங்க வந்தப்போ 258 ஹார்ஸ்பவர் பெட்ரோல்ல மட்டும் தான் வந்துச்சு, டீசல்ல பழகுனவருக்கு பங்க்ல கை கடிக்கும். நம்ம சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து பேக்டரில தான் அசெம்பிள் ஆகுது, அதுக்காக ஷோரூம்ல பத்து ரூபா கூட குறைக்க மாட்டாங்க.

அப்புறம் பார்க்கிங். இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. நம்ம தமிழ்நாடு கட்டிட விதிகள்ல ஒரு கார் பார்க்கிங்னா 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். 530எல்ஐ நீளம் 5,165 மில்லிமீட்டர், புது இ-கிளாஸ் 5,092. கோட்டுக்குள்ள நிக்கவே நிக்காது, மூக்கு வெளிய நீட்டிட்டு தான் நிக்கும். அகலம் 1.9 மீட்டர் கிட்ட வருது, மீதி 60 சென்டிமீட்டர் ரெண்டு பக்கத்துக்கும் சேத்து, ஒரு பக்கம் தூண் இருந்துட்டா அப்பா எப்படி இறங்குவாரு? உங்க இப்போதைய வண்டியும் அஞ்சு மீட்டரை தாண்டினது தான், அதனால ஏதோ சமாளிச்சுட்டு இருப்பீங்க, ஆனா இன்னும் நீளமானதை வாங்குறதுக்கு முன்னாடி டெஸ்ட் டிரைவ் வண்டியை நேரா உங்க அபார்ட்மென்ட்டுக்கு வரச் சொல்லுங்க, பேஸ்மென்ட் ராம்ப்ல இறக்குங்க, வளைவுல அடி தட்டுதான்னு பாருங்க, உங்க ஸ்லாட்ல விட்டுட்டு அப்பாவை பின்னாடி இருந்து இறங்கி ஏறச் சொல்லுங்க. ஸ்டாக் பார்க்கிங்னா, அதாவது ஒரு கார் மேல இன்னொரு காரை லிஃப்ட்ல ஏத்தி நிறுத்துறதுன்னா, அதுல ஒட்டியிருக்கிற போர்டுல நீளம், எடை லிமிட் ரெண்டும் போட்டிருக்கும், படிச்சிடுங்க. டிக்கியை திறந்து ஸ்டெப்னி எங்க வெச்சிருக்காங்க, அதுக்கப்புறம் ரெண்டு பெரிய பெட்டி போகுமான்னும் பாருங்க. ஷோரூம் வாசல்ல இருந்து ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வர்றதுல இதெல்லாம் தெரியவே தெரியாது.

சரி, காசு. இங்க தான் கொஞ்சம் பொறுமையா படிக்கணும்.

அறிமுகமானப்போ 220டி ஷோரூம் விலை 81.5 லட்சம். அதுக்கப்புறம் 2025 செப்டம்பர் 22ல இருந்து பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி மாறிடுச்சு, முன்ன செடானுக்கு 28 சதவீதம் வரியும் 20 சதவீதம் செஸ்ஸும் சேந்து 48, இப்போ மொத்தமா 40. கணக்கு போட்டா ஷோரூம் விலைல 5 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல குறையணும். எல்லாரும் இதை கொண்டாடுறாங்க, ஆனா புதுசு விலை இறங்குனா பழசு விலையும் கூடவே இறங்கும், உங்களுக்கு 22 லட்சம் சொல்றதுல அதுவும் ஒளிஞ்சிருக்கு. இன்னொரு பக்கம் தமிழ்நாட்ல ரோட் டாக்ஸ் ஏறிடுச்சு. நீங்க 2018ல வாங்குனப்போ 10 லட்சத்துக்கு மேலன்னா 15 சதவீதம், 2023 நவம்பர்ல இருந்து 20 லட்சத்துக்கு மேல உள்ள கார்களுக்கு 20 சதவீதம்.

கணக்கு சுலபமா இருக்க ஷோரூம் விலையை 80 லட்சம்னு வெச்சுக்கலாம். ரோட் டாக்ஸ் மட்டும் 16 லட்சம், பழைய ரேட்ல 12 தான் வந்திருக்கும். இன்சூரன்ஸ், அது இதுன்னு சேத்தா ஆன்ரோடு ஒரு கோடியை தொடும். டிசிஎஸ்னு வருமான வரிக்கு முன்பணம் மாதிரி 1 சதவீதம் பிடிப்பாங்க, அது வருமான வரி ரிட்டர்ன்ல திரும்ப கணக்கு எடுத்துக்கலாம், ஆடிட்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. 22 லட்சம் பழசுக்கு போக கையில கொஞ்சம் போட்டு 60 லட்சம் லோன் எடுக்குறீங்கன்னா, 9 சதவீத வட்டி அஞ்சு வருஷம்னு வெச்சா மாசம் கிட்டத்தட்ட 1.25 லட்சம் இஎம்ஐ, வட்டி மட்டும் 14 லட்சத்தை தாண்டும். இன்சூரன்ஸ்காரங்க கணக்குல மூணு வருஷத்துல வண்டி மதிப்பு 30 சதவீதம் கழிஞ்சிடும், 24 லட்சம், அந்த கணக்குல கூட நீங்க கட்டுன 16 லட்சம் ரோட் டாக்ஸ் வராது, அது முதல் நாளே போனது போனது தான். மார்க்கெட்ல விக்கப் போனா இதை விட மோசமாத்தான் இருக்கும்.

உங்க பழைய வண்டி இந்த அடியெல்லாம் வாங்கி முடிச்சாச்சு. 2021ல ஃபேஸ்லிஃப்ட், அதாவது இதே மாடல் கொஞ்சம் மெருகேறி வந்தப்போ ஒரு தடவை விலை விழுந்துச்சு, 2024ல புது மாடல் வந்தப்போ ஒண்ணு, ஜிஎஸ்டி குறைஞ்சப்போ ஒண்ணு. இனிமே வருஷத்துக்கு கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும், அதனால ரெண்டு வருஷம் தள்ளிப் போடுறதால நீங்க இழக்குறது ரொம்ப கம்மி. டெல்லில பத்து வருஷ டீசலுக்கு தடைன்னு நியூஸ் பாத்துட்டு இங்கயும் பயப்படுறவங்க இருக்காங்க, அந்த கட்டுப்பாடு டெல்லி சுத்துவட்டாரத்துக்கு தான், சென்னைல 15 வருஷம் ஆர்சி இருக்கு.

வெச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணா அதுக்கும் செலவு பண்ணணும், சும்மா விட்டா அடிபடுவீங்க. ஏழு வருஷத்துக்கு மேல ஆன வண்டி, சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்ட், பேட்டரி, கியர் ஆயில், ஏசி, டயர் இதெல்லாம் ஒரே தடவையா செக் பண்ணி எஸ்டிமேட் வாங்குங்க. கம்பெனி சர்வீஸ்ல ஒண்ணு, வெளிய மெர்சிடிஸ் மட்டும் பாக்குற கேரேஜ்ல ஒண்ணு. மொத்தம் நாலு லட்சத்துக்குள்ள முடிஞ்சா, அதாவது புதுசோட ரோட் டாக்ஸ்ல கால்வாசி, கண்ணை மூடிட்டு செய்யுங்க. பாதி வேலை முடிஞ்சதுமே புது வண்டி மாதிரி அமைதியாயிடும், டமால் டமால்னு பள்ளத்துல விழுற சத்தம் எல்லாம் பெரும்பாலும் வயசான ரப்பர் தான் சார். எஸ்டிமேட் எட்டு, பத்துன்னு போச்சுன்னா, இல்ல கியர்பாக்ஸ்ல ஏதோன்னு இழுத்தாங்கன்னா, அப்போ என் பதில் மாறும், மாத்திடுங்க. வண்டியை நீங்களே ஓட்டுறதா இருந்தாலும் மாறும், ஏன்னா அப்போ அந்த ஸ்கிரீன், டிரைவிங் அசிஸ்ட் எல்லாம் உங்களுக்கே பயன்படும்.

அப்படி மாத்துற நிலைமை வந்தா சில விஷயம். எக்ஸ்சேஞ்ச் பேச்சை முதல்ல எடுக்கவே எடுக்காதீங்க. பழைய வண்டி இல்ல, நேரா வாங்குறேன், எவ்ளோ குறைப்பீங்கன்னு கேளுங்க, எழுதி வாங்குங்க, அதுக்கப்புறம் பழசை கொண்டு வாங்க, இல்லன்னா பழசுக்கு ரெண்டு லட்சம் ஏத்தி புதுசுல ரெண்டு லட்சம் டிஸ்கவுன்ட்டை முழுங்கிடுவாங்க. கடைசில நீங்க கையில இருந்து குடுக்குற வித்தியாசத் தொகை ஒண்ணு தான் நிஜம். நம்ம ஊர்ல ஆடில யாரும் வண்டி எடுக்க மாட்டாங்க, மார்கழிலயும் தயங்குவாங்க, சேல்ஸ்ல டார்கெட் நெருக்குற நேரமும் அதுவே, உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லன்னா பேரம் பேச அதை விட நல்ல நேரம் கிடைக்காது. டிசம்பர்ல எடுத்தா மட்டும் தயாரிப்பு மாசம், வருஷம் என்னன்னு பில்லுக்கு முன்னாடியே பாத்துடுங்க. டெமோ வண்டி விக்கிறாங்களான்னும் கேளுங்க, ரோட் டாக்ஸ் கட்டி ரிஜிஸ்டர் ஆனதா இருந்தா அந்த 16 லட்ச அடி உங்களுக்கு ரொம்ப குறையும்.

உங்க வண்டி கம்பெனி பேர்ல இருக்குறதால ஒரு சிக்கல் இருக்கு, ஷோரூம்ல சொல்ல மாட்டாங்க. புதுசுக்கு கட்டுற ஜிஎஸ்டிக்கு இன்புட் கிரெடிட் கிடையாது, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டில அதை கழிச்சுக்க முடியாது, அது தெரிஞ்சிருக்கும். பழசை விக்கிறப்போ, தேய்மானம் கிளைம் பண்ணியிருக்கிற வண்டின்னா, புத்தக மதிப்புக்கு மேல வர்ற தொகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. உதாரணத்துக்கு 60 லட்சத்துக்கு வாங்கி வருஷம் 15 சதவீதம் கழிச்சிட்டு வந்திருந்தா ஏழு வருஷத்துல புத்தகத்துல 19 லட்சம் சொச்சம் நிக்கும், 22க்கு வித்தா அந்த 2.8 லட்சத்துக்கு வரி 50 ஆயிரம். புத்தக மதிப்புக்கு கீழ வித்தா ஒண்ணும் இல்ல. தனி ஆள் பேர்ல, பிசினஸுக்கு சம்பந்தம் இல்லாத வண்டின்னா இந்த தொல்லையே கிடையாது.

எப்படி இருந்தாலும், இப்போ ஓட்டுற வண்டிக்கு இன்சூரன்ஸ்ல இன்ஜின் ப்ரொடெக்ட் இருக்கான்னு இன்னைக்கே எடுத்து பாருங்க. 2015 வெள்ளத்துலயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி புகுந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனவங்க எத்தனையோ பேர், சாதா பாலிசில அது வராது. மழை அறிவிச்சதும் வேளச்சேரி மேம்பாலத்துல வண்டியை கொண்டு போய் நிறுத்துறவங்களை கிண்டல் பண்றாங்க, என்னை கேட்டா அவங்க தான் கணக்கு தெரிஞ்சவங்க. பேஸ்மென்ட்ல தண்ணி வந்துட்டா டிரைவர்கிட்ட கண்டிப்பா சொல்லி வைங்க, ஸ்டார்ட் பட்டனை தொடக்கூடாது, டோ பண்ணித்தான் எடுக்கணும்.

விக்கிறப்போ நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாத வருஷங்களுக்காக இன்சூரன்ஸ் பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி) வண்டியோட போகாது, ஓனரோட தான் வரும், உங்க கேஸ்ல கம்பெனி பேருக்கு. 50 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், அதுக்கு இன்சூரன்ஸ் கம்பெனில லெட்டர் வாங்கி வெச்சீங்கன்னா மூணு வருஷத்துக்குள்ள அதே பேர்ல எடுக்குற புது வண்டில போட்டுக்கலாம். டீலர்கிட்ட பழசை விட்டா ஃபார்ம் 29சி போட்டு ஆர்டிஓவுக்கு தகவல் குடுக்கச் சொல்லுங்க, காப்பி வாங்கிக்கோங்க, ஃபாஸ்டேகை அன்னைக்கே குளோஸ் பண்ணிடுங்க. இல்லன்னா யாரோ எங்கயோ சிக்னல் ஜம்ப் பண்ணதுக்கு சலான் உங்க பேக்டரி அட்ரஸுக்கு வரும்.