பிலிருபின் 2.3 என்றால் மஞ்சள் காமாலையா?

கேள்வி: எனக்கு வயது 26. வேலையில் சேர முழு உடல் பரிசோதனை செய்தேன். மொத்த பிலிருபின் 2.3, டைரக்ட் 0.4. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற கல்லீரல் என்சைம்கள் எல்லாம் நார்மல். நன்றாகப் பசிக்கிறது, சோர்வும் இல்லை. ஆனால் சில நாட்களில் கண் லேசாக மஞ்சளாகத் தெரியும். கல்லீரல் கெட்டுவிட்டதா டாக்டர்?

பதில்: நீங்கள் பயப்படும் 2.3-ஐ விட, அதன் பக்கத்தில் இருக்கும் 0.4 தான் எனக்கு அதிகம் சொல்கிறது.

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது சிதையும்போது ஹீமோகுளோபினிலிருந்து உண்டாகும் மஞ்சள் நிறக் கழிவுதான் பிலிருபின். முதலில் அது நீரில் கரையாது. ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கல்லீரலுக்குப் போகும். இது இன்டைரக்ட். கல்லீரல் அதைக் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் விட்டால், அது டைரக்ட். கல்லீரல் அழற்சியிலும், கல்லோ கட்டியோ பித்தக் குழாயை அடைக்கும்போதும் ஏறுவது பெரும்பாலும் டைரக்ட்தான். அது கரையக்கூடியது என்பதால் சிறுநீரில் கலந்து அடர் பழுப்பாக்கிவிடும். குழாய் அடைபட்டால் மலம் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும்.

உங்கள் கணக்கில் 2.3-இல் 0.4 போக மீதி 1.9 இன்டைரக்ட். கல்லீரல் என்சைம்களும் ஏறவில்லை. அப்படியென்றால் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றனவா? அல்லது பிலிருபினை மாற்றும் என்சைம் பிறவியிலேயே சற்று மந்தமா? இந்த இரண்டாவதைத்தான் கில்பர்ட் சிண்ட்ரோம் என்கிறோம். நூறு பேரில் சிலருக்கு இது இருக்கும். பலருக்கும் உங்களைப் போல வேறு எதற்கோ ரத்தப் பரிசோதனை செய்யும்போதுதான் தெரியவரும். கல்லீரலை இது கெடுப்பதில்லை, சிகிச்சையும் தேவையில்லை.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரவு எப்படிப் போனது என்று யோசித்துப் பாருங்கள். வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தீர்களா, தூங்கவில்லையா, காய்ச்சலா, கடுமையான உடற்பயிற்சியா? கில்பர்ட் உள்ளவர்களுக்கு இதில் ஏதோ ஒன்று போதும், அளவு ஏறிவிடும். சில நாட்களில் மட்டும் கண் மஞ்சளாவதும் இதோடு பொருந்துகிறது. பொதுவாக 2.5, 3 அளவில்தான் கண்ணில் மஞ்சள் தெளிவாகத் தெரியும். பார்ப்பதானால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்புக்குக் கீழே எல்லார் கண்ணும் மஞ்சள்தான்!

ஒரே ரிப்போர்ட்டை வைத்து கில்பர்ட் என்று நான் முத்திரை குத்த மாட்டேன். சில வாரங்கள் கழித்து, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய ஒரு நாளில் மறுபடி பரிசோதியுங்கள். கூடவே முழு ரத்த எண்ணிக்கை, ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) எண்ணிக்கை, எல்டிஹெச் (செல்கள் உடைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) மூன்றையும் பாருங்கள். ஹீமோகுளோபின் நார்மல் என்பதற்காக ரெட்டிகுலோசைட்டை விட்டுவிடாதீர்கள். சிவப்பணுக்கள் உடைய உடைய எலும்பு மஜ்ஜை புதிதாக உற்பத்தி செய்து ஈடுகட்டிக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணிக்கைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். இவை நார்மலாக இருந்து இன்டைரக்ட் மட்டும் தொடர்ந்து கூடியிருந்தால், கில்பர்ட் என்று சொல்லிவிடலாம். மரபணு சோதனை பெரும்பாலும் வேண்டியதில்லை.

அதுவரை, யாரோ சொன்னார்கள் என்று காமாலை மருந்து எதையும் குடித்து வைக்காதீர்கள். நன்றாக இருக்கும் கல்லீரலுக்கு அதுவே வினையாகலாம். சிறுநீர் அடர் நிறமானாலோ, மலம் வெளுத்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். குளிர்க்காய்ச்சலோடு வலது மேல்வயிறு வலித்தாலும், மனக்குழப்பமோ ரத்தக்கசிவோ வந்தாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.