நேதாஜி சென்ற நீர்மூழ்கிக் கப்பலை மாடல் கிட்டில் செய்ய முடியுமா? புதிதாகத் தொடங்குபவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

முடியும். ஆனால் எந்தக் கப்பலை என்று முதலில் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அவர் சென்றது இரண்டு கப்பல்களில். 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் நேதாஜியும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் ஏறியது யூ-180. ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் பக்கம், அலை அடங்காத கடலில், ரப்பர் படகில் போய் ஏறிக்கொண்டது ஜப்பானின் ஐ-29. மே மாதம் சுமத்ராவை ஒட்டிய சபாங்கில் கரை இறங்கினார்கள். நடுக்கடலில், போருக்கு நடுவே, ஒரு நாட்டு நீர்மூழ்கியிலிருந்து இன்னொரு நாட்டு நீர்மூழ்கிக்கு ஆள் மாறியதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

யூ-180 ஜெர்மன் நீர்மூழ்கிகளில் ஒன்பதாம் வகையின் டி1 பிரிவு, 87.6 மீட்டர் நீளம். கடைகளில் ஒன்பதாம் வகை என்று கிடைக்கும் பெரிய 1/72 கிட் (நிஜக் கப்பலின் நீளத்தில் 72-இல் ஒரு பங்கு) சி பிரிவைச் சேர்ந்தது. அந்தக் கப்பல் 76.8 மீட்டர்தான். 1/72 அளவில் பார்த்தால் மாடல் 15 சென்டிமீட்டர் குறையும். அதில் யூ-180 என்று எழுதி வைக்க எனக்கு மனம் வராது. ஐ-29 பி1 வகை, 108.7 மீட்டர். இந்த வகைக்கு 1/350 அளவில் கிட் உண்டு, முடித்தால் 31 சென்டிமீட்டர் வரும். பார்வை கோபுரத்துக்கு முன்னால் சிறு கடல் விமானம் வைக்கும் கொட்டகை, அதை ஏவும் தண்டவாளம் எல்லாம் இருக்கும். நேதாஜி கப்பல் வேண்டுமென்றால் நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் அதை இரண்டாவதாகச் செய்யுங்கள். 1/350-இல் கைப்பிடிக் கம்பிகள் தலைமுடி போல இருக்கும், பழகாத விரலில் ஒடியும். முதல் கிட்டுக்கு ஜெர்மனியின் ஏழாம் வகை சி, 1/144 அளவு. ரெவெல் நிறுவனத்தின் கிட் ஆன்லைனில் வரும். 67 மீட்டர் கப்பல் 47 சென்டிமீட்டராக மேசையில் நிற்கும். பாகங்கள் குறைவு, பிளாஸ்டிக் தடிமன், விலையும் தாங்கும்.

பாகம் குறைவு என்பதால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். நீர்மூழ்கியில் உழைப்பு முழுக்க ஒரே இடத்தில்தான்: உடலின் இடது பாதியும் வலது பாதியும் சேரும் கோட்டில். விமான மாடலில் இறக்கையும் சக்கரமும் கண்ணை இழுத்துவிடும். இங்கே வழவழப்பான நீண்ட உடல் மட்டும்தான், மறைக்க ஒன்றும் கிடையாது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து திரவ சிமெண்டை (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசை) இடுக்கில் தொட்டு வையுங்கள், தானாக உள்ளே ஓடும். பிறகு மெல்ல அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் கோடு நெடுகப் பிதுங்கி வரும். அந்தப் பிதுக்கல்தான் உங்கள் புட்டி. மாஸ்கிங் டேப்பால் கட்டி இரண்டு நாள் தொடாமல் வைத்துவிட்டு, 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். மீதிப் பள்ளத்துக்குக் கார் பெயிண்டர்கள் வைத்திருக்கும் என்.சி. புட்டி போதும், மெல்லிய பூச்சாக மட்டும். தடிமனாக அப்பினால் அதிலுள்ள தின்னர் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சாம்பல் ப்ரைமர் அடித்ததும் கோடு தெரிந்தால் திரும்பத் தேய்க்க வேண்டியதுதான். அலுத்துக்கொள்ளாதீர்கள், கப்பல் கப்பலாக ஆவது இந்தத் தேய்ப்பில்தான்.

அடுத்து ஓட்டைகள். பக்கவாட்டில் வரிசை வரிசையாகச் சின்னப் பிளவுகள் இருக்கும். சில கிட்களில் அவை வெறும் பள்ளம்தான். நான் கை டிரில்லால் அவற்றை ஒவ்வொன்றாகத் திறப்பதைப் பார்த்து அப்பா கேட்டார்: "ஏன்டா, இத்தன ஓட்டை போட்டா தண்ணி உள்ள போயிராதா?"

போக வேண்டும் என்பதற்காகத்தான் அவை. ஆள் இருக்கும் அழுத்த உடல் உள்ளே உருளை வடிவில் தனியாக இருக்கிறது. வெளியே தெரியும் தளமும் மேல் ஓடும் அலையில் ஓடுவதற்கான மெல்லிய போர்வை. மூழ்கும்போது இரண்டுக்கும் நடுவே தண்ணீர் உடனே நிறைய வேண்டும், காற்று தங்கினால் கப்பல் இறங்காது. மேலே வந்ததும் அதே வழியாக வடிந்துவிடும். அந்தக் காலத்து நீர்மூழ்கி பெரும்பாலும் கடல்மேல்தான் ஓடியது. ஏழாம் வகை சி மேலே டீசலில் 17.7 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் போகும், அடியில் பேட்டரியில் 7.6 நாட்தான். அதனால்தான் கூர்மையான முன்முனையும் மரப்பலகைத் தளமும். இது புரிந்துவிட்டால் பெயிண்டும் புரியும்: ஓட்டைக்குக் கீழே நீர் வடிந்த தடம் நேராகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், துருவும் அங்கேதான். விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரைக்குப் போக முடிந்தால் ஐ.என்.எஸ். குர்சுராவைப் பாருங்கள். 1971 போரில் பணியாற்றிய கப்பல், 2002 முதல் அருங்காட்சியகம். அந்தப் பிளவுகளை அங்கே நேரில் பார்க்கலாம். நூறு படம் பார்த்தாலும் கிடைக்காத அளவுணர்வு அங்கே கிடைக்கும்.

ஏழாம் வகைக்கு நிறம் சுலபம். நீர்க்கோட்டுக்கு மேலே வெளிர் சாம்பல், கீழே கருஞ்சாம்பல். தளம் மரம்தான், ஆனாலும் தேக்கு நிறம் அடிக்காதீர்கள், கருமையாகப் பூசியிருப்பார்கள்.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பெயிண்டுக்கு எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், மார்கழி தையில் கிழக்கிலிருந்து காய்ந்த காற்று காட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். ஈரப் பெயிண்டில் ஒரு தூசி ஒட்டினால் திரும்பவும் வாட்டர் பேப்பர். காற்று எழும் முன், விடிகாலையில், ஜன்னல் சாத்திய அறையில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிக்கிறேன், மூக்குக்கு மாஸ்க் போட்டு. அடித்து முடித்ததும் பெரிய அட்டைப்பெட்டியால் மூடிவிட்டுக் கதவைத் திறந்துவிடுவேன். மழை பெய்யும் நாளில் ஸ்ப்ரே டப்பாவை எடுக்கவே வேண்டாம், காற்றின் ஈரத்தில் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும்.

ஆன்டெனா கம்பிக்கு நூல் கட்டாதீர்கள், பிசிறு தெரியும். பாகங்களைக் கழற்றியபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் (ஸ்ப்ரூ) ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, பளபளத்து இளகியதும் வெளியே எடுத்து இழுங்கள். கருப்பட்டிப் பாகு கம்பிப் பதத்தில் இழுபடுவதுபோல நீளும். மெல்ல இழுத்தால் தடிமன், வேகமாக இழுத்தால் மெல்லிசு. நாலைந்து இழுத்துப் பார்த்து நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கிட் வாங்கினீர்கள் என்று கீழே எழுதுங்கள், அதற்கான பெயிண்ட் எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.