யாரும் நடாமல் தோட்டத்தில் முளைத்துப் பழுத்திருக்கும் இந்தக் கள்ளி என்ன வகை? பழத்தைச் சாப்பிடலாமா?

உள்ளங்கை அகலத்தில் தட்டைத் தட்டையாக ஒன்றின் மேல் ஒன்று முளைத்த மடல், மஞ்சள் பூ, இப்போது கருஞ்சிவப்பில் பழம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சப்பாத்திக்கள்ளிதான். நாகதாளி என்றும் சொல்வார்கள். பறவை எச்சத்தில் விதை விழுந்திருக்கும், இல்லாவிட்டால் தோட்டத்துக்கு அடித்த மண்ணோடு ஒரு மடல் வந்திருக்கும், மடல் மண்ணைத் தொட்டாலே வேர் விட்டுவிடும்.

சந்தேகம் இருந்தால் மடலில் ஒரு ஊசியைக் குத்திப் பாருங்கள். பால் வடிந்தால் அது சதுரக்கள்ளி, திருகுகள்ளி சேர்ந்த வேறு குடும்பம், அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சப்பாத்திக்கள்ளியில் பால் இருக்காது, கொழகொழப்பான நீர்தான். டிராகன் பழச் செடி என்றால் தண்டு மூன்று பட்டையாகப் படரும், பழத்தின் மேல் செதில் செதிலாக இருக்கும்.

பழம் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் வெறுங்கையால் மட்டும் பறிக்காதீர்கள். பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். பழத்தின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரிகிற இடத்தில் முடியை விட மெல்லிய மஞ்சள் சுணை கொத்தாக இருக்கும், பிரச்சினையே அதுதான். சின்ன வயதில் ஒரு பழத்தை அப்படியே பிடித்துவிட்டு இரண்டு நாள் கட்டைவிரலை எதிலும் வைக்க முடியாமல் அழுதிருக்கிறேன். இடுக்கியால் பறித்து, மணலில் போட்டுச் செருப்புக் காலால் நன்றாக உருட்டி, அப்புறம் நெருப்பில் ஒரு வாட்டு வாட்டித் தோலை உரியுங்கள். உள்ளே இருக்கும் நட்சத்திரம் மாதிரியான முள்ளை எடுத்துவிட்டுத்தான் தின்ன வேண்டும் என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள். விதை கல் மாதிரி இருக்கும், கடிக்க வேண்டாம். நாக்கு சிவந்துவிடும், சிலருக்குச் சிறுநீரும் சிவக்கும், அது பழத்தின் சாயம், பயப்படாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், வெட்டிய மடலைப் புறம்போக்கில் வீசாதீர்கள். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் நிலம் நிலமாக அடைத்துக் கிடந்ததை, 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த கொச்சினீல் பூச்சி தின்றுதான் அடக்கியது. உங்கள் செடியின் மடலில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக வந்தால் அந்தப் பூச்சிதான்.