பென்னாகரத்து இரும்பு உருக்கியவர்கள்: பழைய ஆவணத்தில் "தருமபுரி மாவட்டம்" ஏன் கிடைக்கவில்லை?

சேலம் மாவட்டம் என்று தேடுங்கள். உங்கள் பாட்டனாரின் ஊர் பென்னாகரம் பக்கம் என்றால், 1965க்கு முன் அது சேலத்தில்தான் இருந்தது. தருமபுரி மாவட்டம் பிறந்ததே அந்த ஆண்டு அக்டோபரில். 1792க்குப் பிந்தைய, ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்ககாலத் தாள்களில் இப்பகுதிக்கு "பாராமகால்" என்ற பழைய பெயரும் வரும்.

காவிரியின் எதிர்க்கரையைக் கோயம்புத்தூர் என்று காட்டும் பழைய வரைபடம் கிடைத்தால், அது பிழையில்லை. ஒகேனக்கலில் காவிரிக்கு அப்பால் இருந்த கொள்ளேகால் தாலுகா, 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பிறகுதான் மைசூர் மாநிலத்துக்கு (இன்றைய கர்நாடகம்) போனது. ஆறு அதே இடத்தில்தான் ஓடியது, தாள்கள்தான் இடம் மாறின!

முன்னோர் இரும்பு உருக்கினார்கள் என்ற குடும்பக் கதையை நிலத்திலும் சரிபார்க்கலாம். ஓடைகளில் அரித்து வந்த, இரும்புத்தாது கலந்த கருமணலும் காட்டுக் கரியும் இருந்தால், இரும்பு உருக்கச் சிறு உலை போதும். எனவே பழைய காட்டுப்பகுதியில், ஓடைக்கரை மேடுகளில் பாருங்கள். கறுத்து, துளைத்துளையாக, கனமாக இருப்பது இரும்புக் கசடு, அதாவது உருக்கும்போது மிஞ்சிய கழிவு. பக்கத்தில், உலைக்குள் காற்றுச் செலுத்திய சுட்ட மண் ஊதுகுழலின் துண்டு கிடைத்தால் ஐயம் பெருமளவு தீரும். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். கசடு சில வேளை ஒட்டும், சில வேளை ஒட்டாது. இயற்கைக் கருங்கல்லும் ஒட்டுவதுண்டு.

ஒன்று: கசட்டைப் பார்த்துக் காலம் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் 4,000 ஆண்டுகளுக்கு மேல். உங்கள் மேடு நூறு ஆண்டுப் பழையதாகவும் இருக்கலாம். தோண்டாமல் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள்.