கனெக்டிகட்டுக்கு மரக்கட்டை வீடு வேண்டாம்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். மகன் ஐந்தாம் வகுப்பு. அமெரிக்கக் காலனி காலம் பற்றி பிராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். பிற்பாடு அமெரிக்காவாக ஆன பதின்மூன்று ஆங்கிலேயக் காலனிகளில் ஒன்று, சீட்டுக் குலுக்கியதில் அவனுக்கு கனெக்டிகட் வந்தது. இரண்டு வாரத்தில் ஏதாவது ஒன்றைக் கையால் செய்து கொண்டுபோய், வகுப்பில் நான்கு நிமிடம் பேச வேண்டும். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மரக்கட்டை வீடு கிட்டை 60 டாலருக்கு விற்கிறார். 150 கொடுத்தால் ஒட்டி முடித்து, பேச வேண்டியதையும் எழுதித் தருவாராம். நான் மதுரையில் படித்தவள், அமெரிக்க வரலாறு எனக்குத் தெரியாது. நேரமும் இல்லை. வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். 60 டாலர் கிட்டும் வேண்டாம், 150 டாலர் சேவையும் வேண்டாம். குழந்தை தானே செய்யவேண்டும் என்ற நல்லொழுக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் காரணம், அந்த வீடு தப்பு. கனெக்டிகட்டுக்கு வந்து குடியேறிய ஆங்கிலேயர்கள் உருண்டை மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டவில்லை. கனமான உத்தரங்களால் சட்டகம் நிறுத்தி, வெளியே மெல்லிய பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று படியும்படி அறைந்தார்கள். நடுவில் பெரிய புகைபோக்கி. போகப்போக, பின்பக்கக் கூரை தரையை நோக்கி நீளமாக இறங்கும் வீடுகள் அந்தப் பக்கத்துக்கே அடையாளமாகின. கல் வீடும் உண்டு. கில்ஃபர்ட் ஊரில் 1639-ல் கட்டிய ஹென்றி விட்ஃபீல்ட் வீடு இன்னும் நிற்கிறது.

வருடா வருடம் வகுப்பு மேசையில் பதின்மூன்று காலனிகளுக்கும் ஒரே மரக்கட்டை வீடு வந்து உட்காருவதை நான் பார்த்து வருகிறேன். மாசசூசெட்ஸ் என்றாலும் அதே வீடு, ஜார்ஜியா என்றாலும் அதே வீடு, கொடி மட்டும் வேறு. கிட் விற்பவருக்கு அச்சு ஒன்று போதும். தெற்குக் காலனி என்றால் பக்கத்தில் பஞ்சு உருண்டைகளை ஒட்டித் தருகிறார்கள். காலனி காலத்துத் தெற்கின் பணப்பயிர்கள் புகையிலை, நெல், அவுரி. விதை பிரிக்கும் இயந்திரம் 1793-ல் வந்த பிறகுதான் பருத்தி அங்கே ராஜாவானது. அப்போது அவை காலனிகளே அல்ல, மாநிலங்கள்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் டெலவேர் சீட்டு எடுத்த பிள்ளையின் அப்பா என்னிடம் சண்டைக்கு வருவார். மரக்கட்டை வீடு சரியாகப் பொருந்தும் காலனி ஒன்று உண்டு. 1638-ல் ஸ்வீடன்காரர்கள் இன்றைய வில்மிங்டன் இருக்கும் இடத்தில் கிறிஸ்டினா கோட்டையைக் கட்டி, டெலவேர் ஆற்றங்கரையில் நியூ ஸ்வீடன் என்று ஒரு காலனி வைத்தார்கள். அவர்களோடு ஃபின்லாந்துக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் ஊரில் கட்டைகளின் முனையில் வெட்டுவாய் செதுக்கி, மூலையில் ஒன்றுக்குள் ஒன்று பூட்டி வீடு கட்டுவதுதான் வழக்கம். அதையே இங்கும் செய்தார்கள். 1655-ல் டச்சுக்காரர்கள் அந்தக் காலனியைப் பிடித்துக்கொண்டார்கள். 1664-ல் ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து பிடுங்கினார்கள். ஆட்சி மாறியதே தவிர வீடு கட்டும் முறை போகவில்லை. பிற்பாடு பென்சில்வேனியா, வர்ஜீனியா மலைப்பக்கம் போன ஜெர்மானியரும், அயர்லாந்திலிருந்து வந்த ஸ்காட்லாந்து வம்சத்தவரான ஸ்காட்ஸ்-ஐரிஷ்காரர்களும் கட்டை வீடுகளைப் பரப்பினார்கள். ஆக, டெலவேர் என்றால் சரி. ஆற்றின் இந்தப் பக்கம் தெற்கு நியூ ஜெர்சி என்றாலும் சரி. 1750 வாக்கில் மலை எல்லைக் குடியிருப்பு என்றாலும் சரி. அங்கேகூட மூலைப் பூட்டு தெரிகிற மாதிரி செய்ய வேண்டும். ஐஸ்கிரீம் குச்சியை முட்டுக்கு முட்டு ஒட்டினால் அது வீடு அல்ல, பெட்டி. உங்கள் மகனுக்கு வந்திருப்பது கனெக்டிகட், அதனால் இதெல்லாம் உங்களுக்குத் தேவையே இல்லை.

உங்களுக்குத் தேவை இரண்டு வாரத்தில், குறைந்த செலவில், அவன் கையாலேயே முடிகிற ஒன்று. நான் சொல்வது ஹார்ன்புக். சின்னத் துடுப்பு மாதிரி கைப்பிடி வைத்த மரப்பலகை. அதில் ஒரே ஒரு தாள், அதில் எழுத்து வரிசை, சில அசைகள், கீழே ஒரு ஜெபம். தாள் கிழியாமல் இருக்க, மாட்டுக் கொம்பைச் சூடாக்கி மென்மையாக்கி, கண்ணாடி போலத் தகடாக்கி மேலே வைத்து, ஓரத்தில் பித்தளைப் பட்டை அடிப்பார்கள். அன்றைய பிள்ளைகளுக்கு முதல் பாடப்புத்தகம் அதுதான்.

உங்கள் வீட்டில் இதற்கு ஒரு பழைய மெல்லிய காய் நறுக்கும் பலகை போதும். இல்லையென்றால் இரண்டு மூன்று கனத்த அட்டைகளை ஒட்டிக்கொள்ளுங்கள். கொம்புக்குப் பதில் கடையில் வரும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள். பித்தளைக்குப் பதில் மடித்த பழுப்பு நிற அட்டைப் பட்டை. எழுத்துகளை அவனே எழுதட்டும். அந்தக் கால அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் சிறிய எஸ் எழுத்து, எஃப் போல நீளமாக இருக்கும். அதை ஒரு இடத்தில் காட்டினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தாளைத் தேநீரில் ஊறவைத்து, ஓரத்தை நெருப்பில் கருக்கி 'பழசாக்கும்' வேலை. அன்று அது பழைய தாள் அல்லவே! கந்தல் துணியிலிருந்து செய்த வெளிர் நிறத் தாள், புதிதாகவே இருந்தது. இந்தக் கருக்கல் வேலையில் எத்தனை வீடுகளில் புகை அலாரம் அடித்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

தேநீரை மைக்குப் பயன்படுத்துங்கள். அன்றைய மை, கருவாலி (ஓக்) மரத்தில் பூச்சியால் வரும் காய் போன்ற முடிச்சுகளையும் இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்தது. முடிச்சில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அதே துவர்ப்பு தேயிலையிலும் இருக்கிறது. சோப்பு கலக்காத ஸ்டீல் வுல் ஒரு சிறு பிடி எடுத்து, கண்ணாடிக் குப்பியில் வெள்ளை வினிகர் ஊற்றி மூன்று நாள் வையுங்கள். மூடியை இறுக்கித் திருகாதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் வாயு வரும், இறுக்கினால் குப்பி வெடிக்கலாம், பக்கத்தில் அடுப்பும் விளக்கும் வேண்டாம். அப்புறம் அரைக் கோப்பைச் சுடுநீரில் ஐந்தாறு தேயிலைப் பைகளைப் போட்டுக் கடுங்கசாயமாக இறக்குங்கள். ஆறியதும் வினிகரை வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். இந்த நிமிடத்தை மகன் தவறவிடக் கூடாது, படம் எடுத்து வையுங்கள். கலக்கும் வேலை பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். துணியில் பட்டால் போகாது.

இந்த மையால் எழுத இறகுப் பேனா வேண்டும். அந்த இறகுக்கு ஒரு எச்சரிக்கை. எடிசனில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் கனடா வாத்துகள் இறகை உதிர்த்துவிட்டுப் போயிருக்கும், இலவசம்தானே என்று எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். 1918-ஆம் ஆண்டு இடம்பெயரும் பறவைகள் சட்டப்படி அவற்றின் இறகை வைத்திருப்பதே குற்றம். கைவினைக் கடையில் பண்ணை வான்கோழி இறகு ஒரு பொட்டலம் சில டாலருக்குக் கிடைக்கும். முனையைச் சாய்வாக வெட்டுவது உங்கள் வேலை, கத்தி அவன் கையில் வேண்டாம்.

வெண்ணெய் கடைவது, மெழுகுவர்த்தி தோய்ப்பது என்று யாராவது யோசனை சொல்வார்கள். வெண்ணெய் சுலபம், க்ரீமைக் குப்பியில் போட்டுக் குலுக்கினால் கால் மணியில் திரண்டுவிடும். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் அதையே கொண்டு வருவார்கள். சூடான மெழுகு ஐந்தாம் வகுப்புக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, நான்கு நிமிடம் என்ன பேசுவது? மதிப்பெண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, பணம் வாங்கி எழுதித் தருபவர்கள் கவிழ்ப்பதும் அங்கேதான். அவர்கள் தரும் உரையில் '1636-ல் தாமஸ் ஹூக்கர் என்ற பாதிரியார் கனெக்டிகட்டில் ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தார், 1639-ல் காலனியின் ஆட்சி விதிகளான அடிப்படைச் சட்டங்கள் வந்தன' என்று தேதிகள் வரிசையாக இருக்கும். ஆசிரியர் 'ஏன் வந்தார்?' என்று ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை வாயடைத்து நிற்பான். அதற்குப் பதில், கையில் இருக்கும் பொருளிலிருந்தே பேசட்டும். ஹூக்கரும் கூட வந்தவர்களும் பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற கிறிஸ்தவர்கள். பைபிளை ஒவ்வொருவரும் தானே படிக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். அதனால்தான் 1650-லேயே ஐம்பது வீடுகள் உள்ள ஊர் ஒரு ஆசிரியரை வைக்க வேண்டும் என்று கனெக்டிகட்டில் சட்டம். அதனால்தான் ஹார்ன்புக்கில் ஜெபம்.

அடுத்தது, பெரியவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும் விஷயம். அன்று படிப்பதும் எழுதுவதும் தனித்தனி வேலைகள். முதலில் படிக்க மட்டும் சொல்லித் தருவார்கள், எழுத்து அப்புறம். பெண் பிள்ளைகள் பலருக்கு எழுத்து வரவேயில்லை. பைபிள் படிக்கத் தெரிந்த பெண், பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி போட்டிருப்பாள். இடது கையில் ஹார்ன்புக், வலது கையில் இறகு. 'இது எல்லாருக்கும், இது சிலருக்கு' என்று அவன் தூக்கிக் காட்டினால் ஒரு நிமிடம் போய்விடும்.

இன்னொரு நிமிடத்துக்கு நம் ஊர்ப் பக்கத்து இழை ஒன்று உண்மையிலேயே கனெக்டிகட்டுக்குப் போகிறது. 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அங்கே சேர்த்த பெரும் பணத்தோடு லண்டனில் குடியேறிய அவர், 1718-ல் கனெக்டிகட்டில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு 417 புத்தகங்களும் ஒன்பது பொதி சரக்கும் அனுப்பினார். காலிகோ, மஸ்லின் துணிகளும் அந்தப் பொதிகளில் இருந்தன. சரக்கை விற்றதில் கிடைத்தது சுமார் 562 பவுண்டு. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அது கொடை மட்டும்தான் என்று முடித்துவிடாதீர்கள். அவர் இருந்த காலத்தில் சென்னைக் கோட்டையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பத்து வயதுப் பையனால் இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியும்.

அடிமைமுறையைத் தெற்கின் கதை என்று ஒதுக்குவதும் கிட்காரர்களின் வழக்கம்தான். அமெரிக்கப் புரட்சிக்குச் சற்று முன்பு, புது இங்கிலாந்து எனப்படும் வடகிழக்குக் காலனிகளிலேயே அடிமைகள் அதிகம் இருந்தது கனெக்டிகட்டில். அதை ஒரு வாக்கியமாகச் சொல்லட்டும். நடித்துக் காட்ட வேண்டாம். ஏலம், சங்கிலி என்று வகுப்பில் நடிக்க வைத்த ஆசிரியர்கள் இந்த நாட்டில் வேலையையே இழந்திருக்கிறார்கள். அதேபோல, பூர்வகுடிகள் என்றதும் தலையில் இறகுக் கிரீடம், கூம்புக் கூடாரம் என்று போகாதீர்கள். அந்தக் கூடாரம் நடுச் சமவெளி மக்களுடையது. கனெக்டிகட் பீக்வாட், மொஹீகன் மக்களின் மண். 1637-ல் மிஸ்டிக் என்ற இடத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் பீக்வாட் மக்களின் கோட்டை ஊரைக் கொளுத்தி, பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். பீக்வாட் மக்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள், சொந்தமாக அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். அதன் இணையதளத்தைப் பார்த்தால் போதும், எந்தக் கிட்டும் தேவையில்லை.

எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் ரூப்ரிக் என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். அதை நீங்களே எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் 'மாதிரி வீடு அல்லது அந்தக் காலத்துப் பொருள்' என்றுதான் இருக்கும். அந்த 'அல்லது' பெற்றோர் கண்ணில் படுவதே இல்லை. நேர்த்திக்குப் பத்து, வண்ணத்துக்குப் பத்து என்று மதிப்பெண் பிரித்து வைத்து, இந்த 150 டாலர் வியாபாரத்துக்கு வழி விட்டதே நாங்கள்தான், பள்ளிகள். நியூ ஜெர்சியில் சமூக அறிவியலுக்கு மாநிலத் தேர்வு கிடையாது. அதனால் ஆங்கிலமும் கணிதமும் போக மிச்ச நேரத்தில் நூற்றைம்பது வருட வரலாற்றை அடைக்கிறோம். அடைக்க முடியாததை பிராஜெக்ட் என்று வீட்டுக்கு அனுப்புகிறோம். வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது, யாரிடம் பணம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

உங்களுக்கு அமெரிக்க வரலாறு தெரியாதது ஒரு குறையே இல்லை. நீங்கள் கேள்வி கேளுங்கள், அவன் பதில் தேடட்டும். இன்றிரவே ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குப் பதில் ஹார்ன்புக்கும் இறகுப் பேனாவும் கொண்டுவரலாமா, மைக் குப்பியை வகுப்புக்குள் அனுமதிப்பார்களா என்று இரண்டே கேள்வி. இரண்டாவதற்கு 'கூடாது' என்று பதில் வந்தால், எழுதிய தாளையும் மை கறுத்த படத்தையும் மட்டும் கொடுத்தனுப்புங்கள்.