ஊப்ஸ் (ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்) தத்துவங்களை அழகாக ஒப்பிக்கும் மாணவர்கள், ஜாவா லேபில் எல்லாவற்றையும் நிரல் தொடங்கும் மெயின் மெத்தடுக்குள்ளேயே எழுதுகிறார்களே, எப்படிப் புரியவைப்பது?

ஜாவா லேப் எடுக்கிற எல்லோருக்கும் உள்ள தலைவலி இது. ஆனால் நாம் கொடுக்கிற உதாரணத்தையும் கொஞ்சம் பாருங்கள். விலங்கு ஒரு கிளாஸ் (தரவையும் அதைக் கையாளும் மெத்தடுகளையும் சேர்த்து வைக்கும் அச்சு), நாயும் பூனையும் அதன் வாரிசுகள். ஒன்று குரைக்கும், ஒன்று கத்தும். இதில் காப்பாற்ற வேண்டிய தரவு என்று ஒன்றுமே கிடையாது. மெயினுக்குள் இரண்டு பிரிண்ட் போட்டால் வேலை முடிந்தது. பையன் அதைத்தான் செய்கிறான்.

அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் பைத்தான், அடுத்ததில் சி, மூன்றாவதில்தான் ஜாவா. அதனால் அவர்களுக்குத் தெரிந்த சி-யின் ஸ்ட்ரக்சரிலிருந்தே (பல தரவுகளை ஒன்றாகக் கட்டி வைப்பது) ஆரம்பிப்பேன். சி-யில் ஒரு வங்கிக் கணக்கு, அதன் இருப்பைத் தொடுகிற ஏழெட்டு ஃபங்ஷன்கள். எங்கோ ஒரு தவறை ஒளித்து வைத்திருப்பேன். ஓட்டினால் இருப்பு மைனஸ் 500 என்று வரும். எந்த ஃபங்ஷன் செய்த வேலை என்று கேட்டால் ஃபைல் முழுக்கத் தேடுவார்கள். அதையே கிளாஸாக்கி, இருப்பை வெளியிலிருந்து தொட முடியாதபடி பிரைவேட் செய்து, பணம் எடுக்கும் மெத்தடில் ஒரு இஃப் போட்டுக் காட்டுவேன். இனி இருப்பு தப்பானால் அந்தக் கிளாஸுக்குள் பார்த்தால் போதும். என்காப்சுலேஷனுக்கு இதற்குமேல் விளக்கம் கேட்கமாட்டார்கள். நிரல் எழுதும் எக்லிப்ஸ் மென்பொருள் சில கிளிக்கில் எல்லா ஃபீல்டுக்கும் செட்டர் (வெளியிலிருந்து மதிப்பை மாற்றும் மெத்தட்) போட்டுத் தரும், அதை மட்டும் தடுத்துவிடுங்கள். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதையாகிவிடும்.

சரி, ஏன் மெயினை விட்டு வெளியே வருவதில்லை? பெரும்பாலும் ஸ்டாடிக்தான் காரணம், அதாவது ஆப்ஜெக்ட் எதுவும் இல்லாமலே கிளாஸோடு சேர்ந்து இயங்குவது. ஸ்டாடிக்கான மெயினிலிருந்து சாதாரண மெத்தடை நேரடியாக அழைத்தால் கம்பைலர் எரர் தரும். உடனே மெத்தடுக்கும் ஸ்டாடிக் போடுவான், எரர் போய்விடும். அடுத்து ஃபீல்டுக்கும் போடுவான். கடைசியில் பெயருக்கு ஒரு கிளாஸ், உள்ளே முழுக்க சி. முதல் சில வாரங்களுக்கு மெயின் தவிர எங்கும் ஸ்டாடிக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-ல் மெயினையே ஸ்டாடிக் இல்லாமல் எழுதலாம். உங்கள் லேபில் அது இருந்தால் பாதித் தொல்லை விட்டது.

அடுத்து ரெஃபரன்ஸ், அதாவது வேரியபிள் ஆப்ஜெக்டையே வைத்திருக்காமல் அதைச் சுட்டிக்காட்டுவது. ஒரு கணக்கு ஆப்ஜெக்டை இன்னொரு வேரியபிளுக்குக் கொடுத்து, இரண்டாவதன் வழியாக 500 எடுத்தால் முதலாவதில் எவ்வளவு இருக்கும்? ஓட்டுவதற்கு முன்பே போர்டில் கட்டமும் அம்புக்குறியும் போடச் சொல்லுங்கள். ஜாவாவில் பாயின்டரே இல்லை என்று மனப்பாடம் செய்தவர்கள்தான் இங்கே திணறுவார்கள். அப்படியானால் நல் பாயின்டர் எக்செப்ஷன் என்ற ஜாவா எரர் எங்கிருந்து வந்தது என்று வைவாவில் கேட்டுப் பாருங்கள்!

இன்ஹெரிடன்ஸை (ஒரு கிளாஸ் இன்னொன்றின் வாரிசாவது) முடிந்தவரை தள்ளிப் போடுவேன். ஏன் என்று காட்ட ஜாவாவின் சொந்த ஸ்டாக் கிளாஸே போதும்; மேலேயே வைத்து மேலிருந்தே எடுக்க வேண்டிய அடுக்கு அது. ஆனால் எந்த இடத்திலும் சேர்க்கக்கூடிய பட்டியலான வெக்டரின் வாரிசு என்பதால், மூன்று எண்களை புஷ் செய்துவிட்டு ஆட் மூலம் நான்காவதை அடியில் சொருகலாம். அடுக்கில் மேலேதானே வைக்க முடியும் என்று வகுப்பே கேட்கும். வெக்டரை உள்ளே ஒரு பிரைவேட் ஃபீல்டாக வைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

மினி ப்ராஜெக்டுக்கு லைப்ரரி மேனேஜ்மென்ட் வேண்டாம், நெட்டிலிருந்து காப்பியடித்துத் தருவார்கள். வங்கி டோக்கன் வரிசையை சிமுலேட் செய்யச் சொல்லுங்கள். ஆப்ஜெக்ட், கிளாஸ் என்ற யோசனையே நார்வேயின் ஆஸ்லோவில் டால், நிகார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதுபோன்ற சிமுலேஷன்களுக்காக உருவாக்கிய சிமுலா மொழியில்தான் வந்தது, 1967-ல். நிரல் ஓடியதும், இன்னொரு கவுண்டர் திறந்தால் காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். கவுண்டரைக் கிளாஸாக எழுதி லிஸ்டில் வைத்தவன் ஒரு வரி சேர்ப்பான். எல்லாவற்றையும் மெயினில் எழுதியவன் அடுத்த லேப் வரை டைம் கேட்பான்.