இக்காலக் கால்பந்து நட்சத்திரங்களைப் பெலே, மரடோனாவுடன் ஒப்பிடுவது சரியா?

இப்படி ஒருவர் என்னிடம் கேட்டார். இந்த ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மெஸ்ஸி, ரொனால்டோ போன்றவர்களை முந்தைய தலைமுறை மேதைகளுடன் ஒப்பிடுவது நியாயமா என்பது ஒன்று. ஒப்பிட்டால் யார் உயர்ந்தவர் என்பது மற்றொன்று. ஒப்பிடலாம் என்பதே என் பதில். ஆனால் கோல்களையும் கோப்பைகளையும் எண்ணி ஒப்பிட்டால் பெரும்பாலும் இக்காலத்தவரே வெல்வார்கள், அது நியாயமான ஒப்பீடு ஆகாது. ஓர் ஆட்டக்காரர் எத்தனை ஆண்டுகள், எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்பதில் அவருடைய திறமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவருடைய கால்களை அக்காலத்து விதிகள் எவ்வளவு காப்பாற்றின என்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் எண்களை நம்பியவன்தான். பார்சிலோனாவுக்காக 778 ஆட்டங்களில் 672 கோல்கள், 2012ஆம் ஆண்டில் மட்டும் 91 கோல்கள், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருதுகள் எட்டு என்று மெஸ்ஸியின் கணக்கை மூச்சுவிடாமல் ஒப்பித்து, எதிரில் இருப்பவரின் வாயை அடைப்பேன். 1966 உலகக் கோப்பையில் போர்ச்சுகலும் பிரேசிலும் மோதிய ஆட்டத்தின் பதிவைப் பார்த்த பிறகு அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போயிற்று.

அந்தத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே பல்கேரியர்கள் பெலேயை உதைத்துக் காயப்படுத்திவிட்டதால், ஹங்கேரிக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை, பிரேசில் தோற்றது. லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் போர்ச்சுகலுக்கு எதிராக அவர் திரும்பி வந்தார். பந்துடன் ஓடிய அவரை மொராயிஸ் என்ற தடுப்பாட்டக்காரர் காலில் இடறி ஒரு முறை வெட்டினார். பெலே தடுமாறி, விழாமல் சமாளித்து, பந்தை விடாமல் இன்னும் ஓரிரு அடி போனார். அதே ஓட்டத்தில் அதே மொராயிஸ் இரண்டாவது முறையும் வெட்டி அவரைச் சாய்த்தார். இன்று முதல் வெட்டுக்கே மஞ்சள் அட்டையும், இரண்டாவதற்குச் சந்தேகமின்றிச் சிவப்பு அட்டையும் காட்டப்படும். அன்று மொராயிஸ் தொடர்ந்து ஆடினார். மாற்று வீரர் என்ற ஏற்பாடு உலகக் கோப்பையில் அப்போது இல்லாததால், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் மீதி நேரத்தை நொண்டியபடியே கழித்தார். பிரேசில் 3-1 என்று தோற்று, முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. இனி உலகக் கோப்பையே ஆடப்போவதில்லை என்று பெலே அறிவித்ததும் அப்போதுதான்.

எல்லாக் காயங்களுக்கும் எதிரிகளே காரணம் என்று சொல்ல மாட்டேன். 1962இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராகப் பந்தை உதைத்தபோது அவருடைய தொடைத் தசை தானாகவே பிடித்துக்கொண்டது. அன்றும் மாற்று வீரர் இல்லாததால் அவர் களத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. ஆனால் செக்கோஸ்லோவாக்கியாவின் மசோபுஸ்டும் அவருடைய அணியினரும் காலில் அடிபட்டவரை நெருங்கித் தாக்காமல் ஒதுங்கி நின்றார்கள். அந்தக் கண்ணியத்தைப் பெலே பிற்காலத்திலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அக்காலத்தில் ஒரு பெரிய ஆட்டக்காரரின் பாதுகாப்பு எதிரியின் மனத்தைப் பொறுத்தே இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சிதான்.

மஞ்சள், சிவப்பு அட்டைகளும் மாற்று வீரர்களும் உலகக் கோப்பைக்கு வந்தது 1970இல். பெலே அந்தத் தொடரில் பிரேசிலின் ஆறு ஆட்டங்களிலும் ஆடினார். 1962இல் இரண்டு ஆட்டங்கள், 1966இல் இரண்டு, 1970இல் ஆறு என்ற வரிசை, அவருடைய கோல் கணக்கைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

அட்டைகள் வந்தவுடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. 1982இல் இத்தாலியின் ஜென்டிலே ஒரே ஆட்டத்தில் மரடோனாவை இருபது முறைக்கு மேல் ஃபவுல் செய்தும் கடைசிவரை களத்தில் இருந்தார். 1983 செப்டம்பரில் பில்பாவோ அணியின் கோய்கோட்சேயா பின்னாலிருந்து பாய்ந்து மரடோனாவின் கணுக்காலை முறித்தார். மரடோனாவால் மூன்று மாதங்களுக்கு மேல் ஆட முடியவில்லை. ஹாலந்தின் வான் பாஸ்டனின் கதை இதைவிடக் கொடியது. மூன்று முறை பலோன் தோர் வென்ற அவருடைய கணுக்கால் அடிக்கு மேல் அடி வாங்கி, அறுவை சிகிச்சைகளாலும் தேறாமல் போனது. அவருடைய கடைசிப் போட்டி 1993இல், 28 வயதில் நடந்தது. மெஸ்ஸி 28 வயதோடு நின்றிருந்தால் அவருக்கு உலகக் கோப்பையும் இல்லை, தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவும் இல்லை.

பின்னாலிருந்து ஆபத்தாக வெட்டினால் நேரடியாகச் சிவப்பு அட்டை என்ற கண்டிப்பு 1998 உலகக் கோப்பையை ஒட்டித்தான் உறுதியானது. மெஸ்ஸியும் ரொனால்டோவும் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்தது அதற்குப் பிறகு. 2010இல் அத்லெடிகோ மாட்ரிட்டின் உய்ஃபலுஷி மெஸ்ஸியின் கணுக்காலை மிதித்தபோது அந்த நிமிடமே வெளியேற்றப்பட்டார். மெஸ்ஸி சில நாட்களிலேயே திரும்பிவிட்டார். ரொனால்டோ 40 வயதைத் தாண்டியும் ஆடுவதற்கு அவருடைய உணவுக் கட்டுப்பாடும் உழைப்பும் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உழைப்பால் மட்டுமே கணுக்காலைக் காப்பாற்றிவிட முடியும் என்றால் வான் பாஸ்டனும் காப்பாற்றியிருப்பார்.

இதுவரை படித்தவர்கள் நான் பழைய காலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டதாக நினைக்கலாம். எதிர்ப்பக்கமும் அதே அளவு கனமானது. 1970 இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராகக் கார்லோஸ் அல்பெர்த்தோ அடித்த நான்காவது கோலை, கோலுக்காகப் பார்க்காமல் இத்தாலியர்கள் நிற்கும் இடங்களுக்காகப் பாருங்கள். ஆளுக்கு ஆள் காவல் என்ற முறையில் ஆடிய இத்தாலியின் இடது தடுப்பாட்டக்காரர் ஃபக்கெட்டி, தான் காக்க வேண்டிய ஜெய்ர்சின்யோ மறுபக்கம் போனதும் அவர் பின்னாலேயே போய்விடுகிறார். அவர் விட்டுப்போன பகுதி வெறும் வயல்போலக் கிடக்கிறது. பெலே பந்தை வாங்கி, நின்று, நிதானமாகப் பார்த்து, அந்த வெற்றிடத்துக்குள் உருட்டிவிடுகிறார். அந்த நிதானம் பெலேயின் மேதைமை. அந்த வெற்றிடம் காலத்தின் கொடை. இன்றைய அணிகள் ஆளைத் துரத்துவதைவிட இடத்தைக் காப்பதையே முதன்மையாகக் கொண்டு, நெருக்கமாக நகர்கின்றன. பந்தை வாங்கித் திரும்புவதற்குள் இருவர் மேலே விழுகிற நெருக்கடியில்தான் மெஸ்ஸி இருபது ஆண்டுகளாக வழி கண்டுபிடித்திருக்கிறார். 1958 ஆட்டங்களின் பதிவைப் பார்க்கும்போது, பெலேவுக்குப் பந்து வந்ததும் எதிரிகள் இரண்டடி பின்வாங்கி நிற்பதைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். அந்த இரண்டடி இன்று எவருக்கும் கிடைப்பதில்லை. அன்றைய ஆட்டக்காரர் உதை வாங்கினார், இன்றைய ஆட்டக்காரர் மூச்சுவிட இடமின்றி ஆடுகிறார்.

விருதுக் கணக்கைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பலோன் தோர் 1994 வரை ஐரோப்பியர்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. ஆகவே பெலேயும் மரடோனாவும் அதை வெல்லவில்லை என்று வாதிடுவது, தேர்வு எழுத அனுமதிக்கப்படாதவரைத் தோற்றவர் என்று சொல்வதற்குச் சமம். விருதை வழங்கும் பிரெஞ்சு இதழே 2016இல் பழைய ஆண்டுகளை மறுபரிசீலனை செய்து, பெலேவுக்கு ஏழும் மரடோனாவுக்கு இரண்டும் போயிருக்கும் என்று எழுதியது.

கோல் எண்ணிக்கையிலும் அப்படித்தான். ஐரோப்பியக் கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ரொனால்டோவின் 140 கோல்களைப் பார்த்து மலைப்பவர்கள், அவை 183 ஆட்டங்களில் வந்தவை என்பதையும், அதன் முன்னோடியான ஐரோப்பியக் கோப்பையில் ரியால் மாட்ரிட்டின் தி ஸ்டெஃபனோ 58 ஆட்டங்களில் 49 கோல்கள் அடித்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1956இல் ரியால் மாட்ரிட் ஏழே ஆட்டங்கள் ஆடி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. இன்று அதைப் போல இரு மடங்கு ஆட வேண்டியிருக்கிறது. மறுபுறம், பெலேயின் ஆயிரத்துச் சொச்சம் கோல்களை அப்படியே தூக்கிப் பிடிப்பவர்களும் தவறுகிறார்கள். அதில் நட்பு ஆட்டங்கள் ஏராளம். அதற்காக, அவர் ஐரோப்பாவில் ஆடிக் காட்டவில்லை என்ற குறையும் நிற்காது. 1962இல் கண்டங்களுக்கிடையிலான கோப்பைக்காக, ஐரோப்பிய சாம்பியனான பென்ஃபிகாவை லிஸ்பனிலேயே பெலேயின் பிரேசில் கிளப் அணியான சான்டோஸ் 5-2 என்று வென்றபோது, அவற்றில் மூன்று கோல்கள் பெலே அடித்தவை.

ரொனால்டோவை மரடோனாவின் பக்கத்தில் நிறுத்துவதே பொருத்தமில்லாத செயல் என்பது என் தனிப்பட்ட கருத்து. ரியால் மாட்ரிட்டுக்காக 438 ஆட்டங்களில் 450 கோல்கள் அடித்தவரின் உண்மையான உறவினர்கள், ஹங்கேரிக்காக 85 ஆட்டங்களில் 84 கோல்கள் அடித்த புஷ்காஷும், மேற்கு ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68 கோல்கள் அடித்த கெர்ட் முல்லரும்தான். அந்த வரிசையில் அவர் எவருக்கும் குறைந்தவரல்லர்.

ஆகவே ஒருவருடைய மொத்த வாழ்நாள் கணக்கை விட்டுவிட்டு, அவருடைய உச்சத்தை மற்றவரின் உச்சத்தோடு வைத்துப் பார்ப்பதையே நான் நியாயமாகக் கருதுகிறேன். மெக்சிகோ 1986, கத்தார் 2022 என்ற இரண்டும் இதற்காகவே அமைந்தவைபோல இருக்கின்றன. 1986இல் அர்ஜென்டினா அடித்த 14 கோல்களில் மரடோனா ஐந்தை அடித்தார், ஐந்தை அடிக்க வழிசெய்தார். 2022இல் அர்ஜென்டினா அடித்த 15 கோல்களில் மெஸ்ஸி ஏழை அடித்தார், மூன்றுக்கு வழிசெய்தார். இருவருக்கும் பத்து. மெஸ்ஸியின் ஏழில் நான்கு பெனால்டிகள். மரடோனாவின் ஐந்தில் பெனால்டி ஒன்றுகூட இல்லை, ஒன்று கையால் அடித்தது என்பதை மட்டும் நாம் நாகரிகமாகக் கடந்துவிடலாம். மரடோனாவுக்கு அப்போது 25 வயது, மெஸ்ஸிக்கு 35.

உச்சத்தை வைத்துப் பார்த்தால் என் தேர்வு மரடோனா. ஒரு நூலிழை வித்தியாசத்தில்தான். இருவரும் ஒரே கோலை அடித்திருக்கிறார்கள் என்பது இதற்குக் காரணம். 2007 ஏப்ரலில், 19 வயது மெஸ்ஸி கெதாஃபே அணிக்கு எதிராக, தன் பாதிக் களத்தின் வலப்புறத்தில் தொடங்கி, எதிர்ப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கடந்து, கோல்கீப்பரையும் சுற்றிவந்து அடித்த கோல், மரடோனா 1986 கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அடித்த கோலின் நகல் போலவே இருந்தது. மெஸ்ஸி ஓடியது பார்சிலோனாவின் வழவழப்பான புல்தரையில், உள்நாட்டுக் கோப்பை ஆட்டமொன்றில். மரடோனா ஓடியது கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், நடுப்பகல் வெயிலில், பந்து தாறுமாறாகத் துள்ளும் தரையில்.

ஆனால் அந்த மரடோனா கோலிலும் ஒரு சிறு தகவல் ஒளிந்திருக்கிறது. அவர் கடைசியாகத் தாண்டிச் சென்றவர்களில் ஒருவரான ஃபென்விக், மரடோனாவை வெட்டியதற்காக ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார். இன்னொரு முறை வெட்டினால் வெளியேற வேண்டியதுதான். பதிவில் அந்த இடத்தை நிறுத்திப் பாருங்கள்: ஃபென்விக் காலை நீட்டவில்லை, கையை மட்டும் லேசாக நீட்டுகிறார்.